30 சதவீதம் போட்டுவிட்டார்கள், இனி என்ன செய்வது?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: அப்பாவுக்கு 58 வயது, லேத் பட்டறையில் வேலை, ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் (நடுக்குவாதம் என்கிற நரம்பு நோய்). மூன்று மாதமாக வேலைக்குப் போக முடியவில்லை, பட்டறையில் கணக்கு முடித்து வேலையை விட்டு மட்டும் இன்னும் விலகவில்லை. அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனதில் 30 சதவீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உதவித்தொகைக்கு 40 வேண்டுமாம். நோய் இனிமேல் குறையப் போவதில்லை, கூடத்தான் போகிறது, அப்படியிருக்க இது என்ன கணக்கு, அடுத்து யாரைப் பார்ப்பது? தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள்.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. என் அம்மாவுக்கு இதே நோய் பதினொரு வருடம் இருந்தது, அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை வைத்து அப்புறம் எட்டு பத்து குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, கூடவே போய் வரிசையிலும் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சான்றிதழுக்கு முன்னால் ஓர் அவசர விஷயம். அப்பா ராஜினாமா கடிதம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். "கணக்கை முடித்துக்கொள்ளுங்கள், பிஎஃப் பணம் மொத்தமாக வரும்" என்று பட்டறையில் நல்ல மனதோடே சொல்லுவார்கள், நீங்களும் கையில் காசு வேண்டுமே என்று தலையாட்டிவிடுவீர்கள். அவசரப்படாதீர்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால், சாதாரண நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு மேல் நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் பார்க்கின்சன் பெயர் சொல்லியே இருக்கிறது. அந்தப் பட்டியலில் வந்தால் சம்பளத்தில் 80 சதவீதம், மருத்துவர் நீட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் 730 நாள் வரை. இரண்டு வருடம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பல வருடம் ஒரே பட்டறையில் இருந்தவருக்கு இது பெரிய தடை இல்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டால் பேச்சே வேறு.

இன்னொன்று பிஎஃப் பென்ஷன். பத்து வருடம் சந்தா கட்டினால்தான் பென்ஷன் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1995ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் ஊனத்துக்கென்று தனி விதி உண்டு. 58 வயது முடியும் முன், வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக முடியாமல் போனவருக்கு அந்தப் பத்து வருடக் கணக்கு கிடையாது, ஒரு மாதச் சந்தா இருந்தாலே போதும். அதைவிட முக்கியம், அங்கே சதவீதம் கேட்பதில்லை, அவர் செய்துகொண்டிருந்த வேலையை இனி செய்ய முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். கை நடுங்குகிற மனிதரை ஓடுகிற லேத் முன்னால் நிறுத்த முடியுமா? அந்தக் கேள்விக்குப் பதில் வெட்டவெளிச்சம். ஆனால் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஒரு தாள் ஃபைலில் இருந்துவிட்டால், உடம்பு முடியாமல்தான் நின்றார் என்று பிறகு நிரூபிக்க நீங்கள் தலைகீழாக நிற்க வேண்டும். விலகித்தான் ஆக வேண்டுமென்றால் நோயின் பெயரை எழுதி, மருத்துவச் சான்றை இணைத்து எழுதிக் கொடுங்கள். (அரசு வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனம் வந்தவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், பொருத்தமான பணி இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது. விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதும் முன் அதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.)

சரி, அந்த 30க்கு வருவோம்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, எனக்கும் வந்த கோபம்தான். ஆனால் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் எதை அளக்கிறார்கள் என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது, பார்க்கின்சன் அதில் இல்லை. மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, அதை 21 ஆக்கியது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்ற தலைப்பில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், பார்க்கின்சன் இரண்டும் பெயரோடு வந்தன, தசைச்சிதைவு நோய் தனியாக வந்தது. நிறையப் பேர் அதைப் படித்துவிட்டு, நோயின் பெயர் பட்டியலில் இருக்கிறது, எனவே சான்றிதழ் உறுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் இருப்பதால் அறைக்குள் போக அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போனபின் சதவீதம் போடுவது, அந்த நோய் உங்கள் அப்பாவிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கிக்கொண்டது என்பதற்கு. அதுவும் அன்றைக்கு அவர்கள் கண்ணால் பார்த்ததற்கும் கையில் இருந்த தாளுக்கும். நாளைக்கு என்ன ஆகும் என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. வளர்ந்துகொண்டே போகும் நோயை ஒரு நாள் நிறுத்தி அளக்கிறார்கள், சிக்கலே அதில்தான்.

பட்டியலில் பெயர் இல்லாத நோய்க்காரர்களும் மனம் தளர வேண்டாம். மோட்டார் நியூரான் நோய், அட்டாக்சியா போன்றவை பெயரோடு அங்கே இல்லை. ஆனால் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் வாசகத்தைக் கவனியுங்கள், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், பார்க்கின்சன் "போன்ற" நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்று இருக்கிறது. அதுவும் உதவாவிட்டால், கை கால் செயலிழந்ததற்கு இயக்கக் குறைபாடு என்ற தலைப்பிலேயே சான்று வாங்கலாம். எந்தக் கதவு வழியாகப் போனாலும் உள்ளே வருவது அதே சதவீதம்தான்.

இப்போது அம்மாவின் கதை. முதல் முறை மதிப்பீட்டுக்குப் போன அன்று காலையில் அம்மா குளித்து, தலை வாரி, பட்டுக்கரை போட்ட நூல் புடவை கட்டிக்கொண்டாள். கட்டிவிட்டது நான், முக்கால் மணி நேரம் ஆனது. பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று மாத்திரையைச் சரியாக அரை மணி முன்னால் போட்டுக்கொண்டாள். உள்ளே போனோம். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் டாக்டர். "நல்லா இருக்கேன் சார்" என்றாள் அம்மா. நடக்கச் சொன்னார், நடந்தாள். கையை நீட்டச் சொன்னார், லேசாக நடுக்கம். சட்டைப் பொத்தான் போட முடியுமா என்றதற்கு நானே முந்திக்கொண்டு "மெதுவா போடுவாங்க சார்" என்றேன். மொத்தம் நாலு நிமிடம். 35 வந்தது. வெளியே வந்து அந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்கு வந்து புடவையை அவிழ்த்துவிடும்போதுதான் உறைத்தது, அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி அவரிடம் யாருமே சொல்லவில்லை.

நம் ஊரில் "எப்படி இருக்கீங்க" என்று யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் வாய் தானாகச் சொல்லும். அது மரியாதை. நோயாளியின் மானமும் அதில் இருக்கிறது. மதிப்பீட்டு அறையில் அந்த மரியாதைக்கு விலை இருக்கிறது, பத்து சதவீதம் பதினைந்து சதவீதம் என்று. அப்பாவைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையை மறைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். "முடியுமா?" என்று கேட்டால் முடியும், முடியாது என்ற இரண்டு பதிலோடு நிறுத்தாமல், எவ்வளவு நேரத்தில், யார் உதவியோடு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, செய்து முடித்தபின் எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். பொத்தான் போட முடியும் என்பது ஒரு பதில். மேல் பொத்தான் இரண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது, ஆறு மாதமாகச் சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன், கழிப்பறைக்குப் போக இரவில் மூன்று முறை என்னை எழுப்புகிறார் என்பது வேறு பதில். இரண்டாவதைக் கேட்டால்தான் அவர்களால் எதையாவது எழுத முடியும்.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். பள்ளிக்கூட நோட்டு போதும். இரண்டு வாரம், தினமும். மாத்திரை போட்ட நேரம், அது வேலை செய்யத் தொடங்கிய நேரம், விட்டுப்போன நேரம். விழுந்தாரா, எங்கே, எழுப்ப எத்தனை பேர் வேண்டியிருந்தது. சாப்பிட எவ்வளவு நேரம், புரையேறியதா. வாசல்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாரா. இதில் உயர்வு நவிற்சி வேண்டாம், நல்ல நாளையும் நல்ல நாள் என்றே எழுதுங்கள். எல்லா நாளும் மோசம் என்று எழுதியிருக்கும் நோட்டை யாரும் நம்புவதில்லை, ஏழு நாளில் இரண்டு நல்ல நாள், அதிலும் மத்தியானம் வரைதான் என்று இருக்கும் நோட்டை நம்புவார்கள்.

பார்க்கின்சனுக்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாட்பட நாட்பட அதன் வேகம் ஏறி இறங்கும். மாத்திரை பிடித்திருக்கும்போது ஆள் கிட்டத்தட்டப் பழைய ஆள், இறங்கியதும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது. டாக்டர்கள் ஆன், ஆஃப் என்பார்கள். மதிப்பீட்டு நேரம் ஆன் நேரத்தில் மாட்டிக்கொண்டால் நீங்கள் பார்க்கும் அப்பாவும் அவர்கள் பார்க்கும் அப்பாவும் வேறு வேறு ஆட்கள். இதற்குச் சிலர் ஒரு குறுக்கு யோசனை சொல்வார்கள், அன்றைக்கு மட்டும் மாத்திரையை நிறுத்திவிடு என்று. செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம், வரிசையில் நிற்கும்போதே விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளவும் கூடும். வழக்கமான நேரத்தில் வழக்கமான மாத்திரை. அதற்குப் பதிலாக, ஆஃப் நேரத்தில் அப்பா எழுந்திருப்பது, நடப்பது, டம்ளரைப் பிடிப்பது இதையெல்லாம் கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகப் படம் பிடியுங்கள், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். அறைக்குள் போனதும், "சார், எட்டு மணி மாத்திரை இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது, பதினொன்றுக்கு இறங்கிவிடும், அப்போது இப்படி இருப்பார்" என்று காட்டுங்கள். பார்க்க மாட்டேன் என்று சொன்ன டாக்டரை நான் ஒரே ஒருவரைத்தான் சந்தித்திருக்கிறேன்.

அடுத்தது, வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரின் கடிதம். தனியார் மருத்துவர் என்றாலும் பரவாயில்லை. சான்றிதழை அரசு அறிவித்த மருத்துவ அதிகாரிதான் தர முடியும், ஆனால் தனியாரின் குறிப்புகளை ஆதாரமாக வைக்கத் தடையில்லை. "இவருக்குப் பார்க்கின்சன் உள்ளது, சிகிச்சையில் இருக்கிறார்" என்ற இரண்டு வரிக் கடிதம் எதற்கும் உதவாது. எந்த ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டும் ஹோன்-யார் (Hoehn-Yahr) அளவுகோலில் எத்தனையாவது நிலை (மொத்தம் ஐந்து), ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆஃப், எத்தனை முறை விழுந்திருக்கிறார், எந்த வேலைகளுக்கு ஆள் துணை வேண்டும், இது குணமாகாது வளரும் தன்மையுடையது, இவ்வளவும் இருக்க வேண்டும். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்காரர்களுக்கு இதே இடத்தில் இடிஎஸ்எஸ் என்ற அளவுகோல், 0 முதல் 10 வரை. டாக்டருக்கு நேரம் இருக்காது, அதனால் நீங்களே நோட்டைப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள், அவர் சரிபார்த்து தன் தாளில் எழுதித் தருவார். எனக்கு இந்த வழி கைகொடுத்தது.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்புகளை விட்டுவிடாதீர்கள். நடுக்கத்தையும் நடையையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், குரல் உள்ளே போய்விட்டது, விழுங்குவதில் சிரமம், எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது, மறதி, மனச்சோர்வு, இவற்றை யாரும் கேட்பதில்லை. பேச்சுக் குறைபாடும் மனநோயும் அதே 21இல் தனித்தனித் தலைப்புகள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்தந்தத் துறை மருத்துவரும் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் 30ம் 20ம் சேர்ந்து 50 ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நேராகக் கூட்டுவதில்லை, அதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், கூட்டுத்தொகையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். உங்களுக்கு வேண்டியது பத்துதானே.

மறுபடி போவதற்கு இரண்டு வழி. அன்றைய மதிப்பீடே தவறு என்றால் மேல்முறையீடு. சட்டத்தின் 59ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. நிலைமை அதற்கப்புறம் கூடிவிட்டது, அல்லது முதலில் போதிய ஆவணம் இல்லை என்றால் புதிதாக மதிப்பீடு கேட்பது. உங்கள் விஷயத்தில் நான் இரண்டாவதைத்தான் செய்வேன். மேல்முறையீட்டில் டாக்டர் செய்தது தவறு என்று வாதாட வேண்டும், மறுமதிப்பீட்டில் இவையெல்லாம் புதிய தாள்கள் என்று நீட்டினால் போதும், யார் முகமும் சுருங்காது. நோட்டு, கடிதம், வீடியோ மூன்றும் தயாராகாமல் மட்டும் போகாதீர்கள், அதே 30 மறுபடியும் வந்தால் அது கல்வெட்டாகிவிடும்.

விண்ணப்பம் எல்லாமே இப்போது மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளம் வழியாகத்தான், 2021 ஜூன் முதல் அப்படி. இ-சேவை மையத்தில் பதிந்து தருவார்கள், ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று வேண்டும். பதிந்ததும் வரும் எண்ணைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வசிக்கும் மாவட்டத்து மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லுவார்கள். அப்பா சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்று 2017ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் இல்லாத இடத்தில் நரம்பு நோய்க்குச் சதவீதம் கேட்டு நிற்பதில் அர்த்தமில்லை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முயற்சி செய்யுங்கள். தகுதி இல்லை என்று திருப்பினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், வாய்ச்சொல்லோடு வெளியே வராதீர்கள். சான்றிதழோடு வரும் அடையாள அட்டையில் நிறமும் உண்டு, 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும்.

தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தால் சண்டை போட வேண்டாம். நிலைமை மாறக்கூடியது என்று டாக்டர் நினைத்தால் காலக்கெடு போட்டுத்தான் தருவார், உங்களுக்கு அது சாதகம்கூட, ஏனென்றால் கெடு முடியும்போது மறுபடி அளப்பார்கள், அதற்குள் நோய் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலாவதியாகும் தேதிக்கு மூன்று நான்கு மாதம் முன்னாலேயே புதுப்பிக்கப் போடுங்கள். இடைவெளி விழுந்தால் உதவித்தொகை நின்றுவிடும், நின்றதை மறுபடி ஓட வைப்பது புதிதாக வாங்குவதைவிடப் பாடு. அம்மாவுக்கு இரண்டாவது முறை, பதினான்கு மாதம் கழித்து, 60 வந்தது. அதே அம்மா, அதே நோய். புடவை மட்டும் அன்றைக்கு நைட்டி.

40 வந்தபின் பணம். தமிழ்நாட்டில் இரண்டு துறை இருக்கிறது, இங்கேதான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 1,500 ரூபாயாக இருந்ததை 2,000 ஆக்கினார்கள். வருவாய்த்துறை தருவது ஓய்வூதியம், அது வேறு மனு, வேறு தொகை, தாலுகா அலுவலகத்தில். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. நீங்கள் போக வேண்டியது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். அங்கே "75 சதவீதம் இருந்தால்தான்" என்று யாராவது சொன்னால் பதறாமல் கேளுங்கள்: 75 என்பது கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவுக்கு. தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போல, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸை அலுவலகத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள்) இவற்றுக்கெல்லாம் தனிப் பிரிவு இருக்கிறது. மனுவில் நோயின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், "கை கால் வரவில்லை" என்று எழுதிவிட்டு வேறு பிரிவில் போய் விழாதீர்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு, 80 சதவீதம், வறுமைக்கோட்டுப் பட்டியல் இரண்டும் வேண்டும், மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அதை நம்பி இருக்க வேண்டாம்.

மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். நல அலுவலகத்தில் "வைத்துவிட்டுப் போங்க" என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதே மனுவைப் பதிவு செய்யுங்கள், அங்கே எண் போட்டுத் தருவார்கள், எண் இருந்தால் அந்த மனு தொலையாது. உதவித்தொகை வரத் தொடங்கியபின் வருடாவருடம் ஆள் இருக்கிறார் என்பதற்கு வாழ்நாள் சான்று கேட்பார்கள், அதை மறந்தவர்களுக்குத்தான் "திடீர்னு நின்னுடுச்சு" என்ற புகார் வரும்.

மற்றவை விறுவிறுவென்று: சாதாரண கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணமில்லை. வீட்டில் யாராவது வருமான வரி கட்டினால், பழைய வரி முறையில், 40 சதவீதம் உள்ளவரைப் பராமரிப்பதற்கு 75,000, 80 சதவீதம் என்றால் 1,25,000 கழிவு உண்டு, புதிய முறைக்கு மாறியிருந்தால் கிடையாது. மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு பற்றி யாராவது சொன்னால், அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் நான்குக்கும் மட்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவார்கள், கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள், அவர்கள் வந்து போன குறிப்பும் நாளைக்கு ஓர் ஆதாரம்.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவுக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறதா? முப்பது வருடம் தன் கையால் சம்பாதித்தவரை மாற்றுத்திறனாளி என்று எழுதிய அட்டையை வாங்கச் சொல்கிறோம். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் நோட்டு எழுதுவதைப் பார்த்து "என் குறையெல்லாம் கணக்கெடுக்கிறியா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கடைசியில் நோட்டை அவளையே எழுதச் சொன்னேன், முடிந்த வரைக்கும். முதல் பக்கத்தில் எழுத்து பட்டாணி அளவு, பத்தாவது பக்கத்தில் கடுகு அளவு. பார்க்கின்சனில் எழுத்து அப்படித்தான் சுருங்கும். எந்தக் கடிதத்தையும்விட அந்த நோட்டைத்தான் டாக்டர் அதிக நேரம் பார்த்தார்.

எழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது, கையெழுத்து. உதவித்தொகை வங்கிக் கணக்கில்தான் வரும், ஆனால் அப்பாவின் இன்றைய கையெழுத்து, கணக்கு தொடங்கியபோது போட்டதோடு ஒத்துப்போகுமா? இரண்டு வருடம் கழித்துச் சுத்தமாகப் போகாது. இப்போதே வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்தைக் கொடுங்கள், முடிந்தால் கணக்கில் உங்கள் பெயரையோ உங்கள் அம்மாவின் பெயரையோ சேர்த்துவிடுங்கள், ஆதாரில் கைரேகையும் கண்ரேகையும் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். அதிகாரப் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், எழுதிக் கொடுத்தவருக்கு நினைவு தப்பினால் சட்டப்படி அதுவும் செல்லாமல் போய்விடும். மருத்துவமனைக்கு அப்பாவை அவர் இருக்கிறபடியே கூட்டிப் போங்கள், வங்கிக்கு மட்டும் காலையில், மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள்.